காட்ஜில்லாவைத் தியேட்டரில் ஏன் பார்க்க வேண்டும்?

"ரப்பர் உடுப்புக்குள் ஒரு ஆள், அவன் காலடியில் அட்டை வீடுகள்." ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களைப் பற்றி இப்படிச் சொல்லிச் சிரிப்பவர்கள் எங்கும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. ரப்பர் உடுப்புதான், உள்ளே இருப்பது ஆள்தான். ஆனால் அப்படிச் சிரிப்பவர்களில் பலர் அந்தப் படங்களை டிவியிலோ, கைப்பேசியில் ஓடும் இரண்டு நிமிடத் துண்டிலோதான் பார்த்திருப்பார்கள். இருட்டு அரங்கில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்போது அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. திரை பெரிதாக இருப்பது மட்டுமே அதற்குக் காரணம் என்றால் எழுத ஒன்றுமில்லை. 'கைஜூ' படங்கள் என்று ஜப்பானியர் அழைக்கும் இந்த வகைப் படங்களின் தொழில்நுட்பம் முழுவதும் ஒரே ஒரு காரியத்துக்காக வளர்ந்தது: தரையில் நிற்கும் ஒரு சாதாரண மனிதனின் கண்ணுக்கு எதிரே ஒரு பெரிய உருவத்தை நிறுத்துவது.

முதல் காட்ஜில்லா படம் 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது. டோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் தொமொயுகி தனாகா இந்தோனேசியாவுடன் சேர்ந்து எடுக்க நினைத்திருந்த ஒரு படம் கைவிட்டுப் போனது. அந்த இடத்தை அவசரமாக நிரப்ப வேண்டியிருந்ததால் பிறந்ததுதான் காட்ஜில்லா. இயக்கம் இஷிரோ ஹோண்டா, தந்திரக் காட்சிகள் எய்ஜி ட்சுபுராயா. 1933இல் வந்த 'கிங் காங்' ட்சுபுராயாவைப் பித்துப்பிடிக்க வைத்த படம். அதில் குரங்கு ஒரு சிறு பொம்மை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடித்தார்கள். அதே வழியில் போக ட்சுபுராயாவுக்கும் ஆசைதான். நாட்கள் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஓர் ஆளுக்கு உடுப்பு மாட்டிவிடுவது என்று முடிவானது. வேறு வழியில்லாமல் எடுத்த முடிவுதான் பிறகு ஒரு கலையாக வளர்ந்தது.

காட்ஜில்லாவின் உயரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். உடுப்பு மாட்டிய ஆளின் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். ஆகவே டோக்கியோ நகரத்தை 25இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டினார்கள். இதுவரை தச்சு வேலை. சிக்கல் இதற்குப் பிறகுதான், ஏனென்றால் வீட்டைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது.

30 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுந்தால் தரையைத் தொட ஏறக்குறைய இரண்டரை வினாடி ஆகும். அதன் 25இல் ஒரு பங்கு மாதிரியின் உயரம் 1.2 மீட்டர்தான். அதன் உச்சியிலிருந்து விழுவது அரை வினாடியில் தரைக்கு வந்துவிடும். அந்த அரை வினாடியைக் கண்டதுமே "இது பொம்மை" என்று நமக்குத் தெரிந்துவிடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறந்தது முதல் பொருட்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்திருக்கிறோம். அரை வினாடியை இரண்டரை வினாடியாக நீட்ட ஐந்து மடங்கு வேண்டும். 25இன் வர்க்கமூலம் 5 என்பதுதான் கணக்கு. வழக்கமாக வினாடிக்கு 24 சட்டகம் ஓடும் கேமராவை 120 சட்டகம் வரை வேகமாக ஓடவிட்டு, திரையில் 24ஆகவே காட்டினால் இடிபாடு நிதானமாகச் சரியும், தூசி மெல்ல எழும். திரையில் எடை என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்த நிதானத்தைத்தான்.

கேமரா வேகம் கூடினால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட விளக்குகளைக் கூட்ட வேண்டும். விளக்கைக் கூட்டினால் செட் கொதிக்கும். கொதிக்கும் செட்டின் நடுவே ரப்பர் உடுப்புக்குள் நின்றவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடுப்பு சுமார் 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு சில அடி நடப்பதே பெரும்பாடாக இருந்ததால் வேறொன்று செய்தார்கள், அதுவும் லேசில்லை. ஒரு ஷாட் முடிந்து வெளியே வந்தால் பனியனைப் பிழிந்து வியர்வையை வடிக்க வேண்டிய நிலை. மிருகம் எப்படி நடக்கும் என்று பார்க்க அவர் உயேனோ விலங்குக்காட்சி சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் கவனித்திருக்கிறார். அதே 1954இல் வந்த 'செவன் சாமுராய்' படத்தில் கொள்ளைக்காரர்களில் ஒருவராகச் சின்ன வேடத்தில் வந்தவரும் இவரே. 1972 வரை 12 படங்களில் காட்ஜில்லா இவர்தான். உலகம் முழுக்கத் தெரிந்த உருவம், முகம் மட்டும் யாருக்கும் தெரியாது.

அடுத்தது கேமரா நிற்கும் இடம். தெருவில் நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து 160 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறதென்றால், 25இல் ஒரு பங்கு நகரத்தில் அது ஆறரை சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து மேலே பார்த்தால்தான் மிருகம் ராட்சதனாகத் தெரியும். இரண்டடி உயர்த்தினாலும் போதும், நாம் பொம்மைக் கடையில் குனிந்து நிற்பதுபோல் ஆகிவிடும். பிற்காலத்துச் சுமாரான படங்களில் சண்டை ஏன் சப்பென்று இருக்கிறது என்று கவனித்தால், பல இடங்களில் கேமரா மிருகத்தின் மார்பு உயரத்துக்கு ஏறியிருப்பது தெரியும். தியேட்டருக்கு வருவோம். நாம் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம், திரை நம் கண்ணுக்கு மேலே எழுகிறது. தரையில் கிடக்கும் கேமராவின் கோணமும் நம் கழுத்தின் கோணமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. கைப்பேசியிலோ காட்ஜில்லாவை நாம்தான் குனிந்து பார்க்கிறோம். அவ்வளவு உழைப்பும் அந்த ஒரு குனிதலில் வீணாகிறது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமும் இரவுக் காட்சிகளும் கூடவே உதவின. கம்பியும் ஒட்டும் இருட்டில் மறைந்தன. காட்ஜில்லாவின் மூச்சில் உருகும் மின்கோபுரங்களை மெழுகில் செய்து, சூட்டில் நிஜமாகவே உருகவிட்டார்கள். கடைசிவரை பிடிகொடுக்காதது தண்ணீர். நீர்த்துளியைச் சுருக்க முடியாது. தொட்டியில் எழும் அலை எவ்வளவு மெதுவாகக் காட்டினாலும் தொட்டி அலையாகவே தெரியும். டோஹோ பிற்பாடு தன் ஸ்டுடியோவில் பெரிய நீர்த்தொட்டியே கட்டிப் பார்த்தது. 1954 படத்தில் இன்றைய கண்ணுக்கு உறுத்தும் காட்சிகளில் பல கடல் சம்பந்தப்பட்டவையே.

ஒலிக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் படத்தில் மிருகம் முதலில் காதுக்குத்தான் வருகிறது. பெயர்கள் ஓடும்போதே, படம் ஒன்றும் காட்டாமல், காலடிச் சத்தமும் உறுமலும் கேட்டுவிடும். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பாஸ் வாத்தியத்தின் நரம்பைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து, பதிவான ஒலியை மெதுவாக ஓட்டி அந்த உறுமலை உண்டாக்க உதவினார். எந்தப் பிராணியின் குரலும் இல்லை அது. அதனால்தான் எழுபது ஆண்டாகியும் அதை எதனோடும் சேர்த்துவைக்க முடியவில்லை. இஃபுகுபே காட்டியல் படித்தவர். போர்க்காலத்தில் மரத்தின் அதிர்வு குறித்த ராணுவ ஆராய்ச்சியில் பாதுகாப்பில்லாமல் எக்ஸ்ரே கதிர்களில் புழங்கி உடல்நலம் கெட்டவர். கதிர்வீச்சில் உருவான மிருகத்துக்கு இசையமைக்கக் கம்பெனி தேடிப்பிடித்த ஆள் இவர்! இன்று எல்லாரும் காட்ஜில்லாவின் கருப்பொருள் இசை என்று நினைக்கும் அந்த நடைபோடும் மெட்டு, முதல் படத்தில் காட்ஜில்லாவை எதிர்த்துக் கிளம்பும் படைக்கு வாசித்தது. காலப்போக்கில் மிருகம் அதைத் தனதாக்கிக்கொண்டது.

கோணமும் வேகமும் ஒலியும் பாதிதான். மீதியை அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள்.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் பலம், 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு 'ஐந்தாம் ஃபுகுர்யு மாரு'வின் மேல் வெள்ளைச் சாம்பல் பெய்தது. 23 பேர் நோயோடு யைசு துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். அந்த மீன் சந்தைக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் நாடே நடுங்கியது. டோக்கியோவின் ட்சுகிஜி சந்தையில் மீனை மண்ணில் புதைத்தார்கள். படகில் ரேடியோ கருவியை இயக்கிய ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். ஆறு வாரம் முடியுமுன் படம் வெளியாகிவிட்டது.

படம் எப்படித் தொடங்குகிறது? ஒரு கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்கள். கடலில் கண்ணைப் பறிக்கும் ஒளி. கப்பல் எரிந்து மூழ்குகிறது. அன்றைய பார்வையாளருக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. கொஞ்ச நேரம் கழித்து ரயிலில் ஒரு பெண் அலுத்துக்கொள்கிறாள்: கெட்டுப்போன சூரை மீன், கதிரியக்க மழை, இப்போது காட்ஜில்லா வேறா, நாகசாகியிலிருந்து உயிர் தப்பி வந்தது இதற்குத்தானா என்று. பேச்சோடு பேச்சாக, வேலைக்குப் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போகிறாள். 1956இல் ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புதிதாகச் சேர்த்து அமெரிக்காவுக்காகத் திருத்திய பதிப்பில் இந்தப் பேச்சு காணாமல் போனது. வெளியுலகம் பல ஆண்டுகள் பார்த்தது அந்தப் பதிப்பைத்தான். 'பொம்மைப் படம்' என்ற பெயர் நிலைத்ததில் அதற்கும் பங்குண்டு.

நகரம் எரியும் காட்சியில், ஒரு கட்டடத்தின் ஓரம் ஒடுங்கியிருக்கும் தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பா இருக்கும் இடத்துக்குப் போய்விடுவோம் என்கிறாள். அப்பா போரில் போனவர் என்று சொல்லாமலே புரியும். 1945 மார்ச் 9 இரவு தொடங்கி விடிவதற்குள் அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். அதிலிருந்து ஒன்பதே ஆண்டு. தொடுவானம் முழுக்கச் செந்தணல் படர்வதை நேரில் கண்டவர்கள் அரங்கில் உட்கார்ந்து அதே தணலைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தார்கள். இயக்குநர் ஹோண்டா சீனாவில் படைவீரராக இருந்து தோல்விக்குப் பின் ஊர் திரும்பியவர், வழியில் ஹிரோஷிமாவின் இடிபாட்டைக் கடந்து வந்தவர். அதனால்தான் அழிவு முடிந்ததும் படம் வெற்றிக்கு ஓடாமல் மருத்துவமனையின் தரையில் கிடத்தப்பட்டவர்களிடம் போய் நிற்கிறது. ஒரு சிறுமியின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவி கொண்டுபோகப்படுகிறது, அது கரகரக்கிறது. நாட்டின் துயரத்தைக் காசாக்குகிறார்கள் என்று அப்போது சில விமர்சகர்கள் சாடினார்கள். ஏறத்தாழ 96 லட்சம் டிக்கெட் விற்றது. காசாக்கவில்லை என்று நானும் வாதாடமாட்டேன். ஆனால் வெறும் காசுக்கு எடுத்தவர்களுக்கு அந்த மருத்துவமனைக் காட்சி தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு விஷயம் டோக்கியோக்காரர்களுக்கே உரியது. படத்தில் காட்ஜில்லா இடிப்பவற்றில் யுராகுச்சோ பகுதியின் நிச்சிகெகி அரங்கமும் ஒன்று. அது டோஹோவின் சொந்தத் தியேட்டர்! கின்சாவின் மணிக்கூண்டும் பாராளுமன்றக் கட்டடமும் அதே இரவில் போகின்றன. படம் முடிந்து வெளியே வந்தால் இந்தக் கட்டடங்களைத் தாண்டித்தான் ரயில் பிடிக்க வேண்டும். நிச்சிகெகியை 1981இல் உண்மையிலேயே இடித்துவிட்டு அங்கே யுராகுச்சோ மரியோன் என்ற வளாகத்தைக் கட்டி 1984இல் திறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த காட்ஜில்லா படத்தில் மிருகம் நேரே அங்குதான் போகிறது. இடிபடுவதில் ஒரு கௌரவம் இருக்கிறதென்று கட்டடக்காரர்களும் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

50 மீட்டர் என்ற உயரமும் டோக்கியோவைப் பார்த்து முடிவு செய்ததே. அந்தக் காலத்தில் அங்கே பொதுவாக 31 மீட்டருக்கு மேல் கட்டடம் கட்டச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே 50 மீட்டர் உருவம் எங்கிருந்து பார்த்தாலும் கூரைகளுக்கு மேல் தலை தெரியும். அறுபதுகளில் அந்த வரம்பு தளர்ந்தது, கட்டடங்கள் எழும்பின. 1984இல் காட்ஜில்லாவை 80 மீட்டராக்கினார்கள். 1991இல் 100 மீட்டர், அதுவும் போதவில்லை. ஷின்ஜுகுவில் அப்போதுதான் திறந்திருந்த 243 மீட்டர் மாநகர அரசுக் கட்டடத்தின் பக்கத்தில் நின்றால் மிருகம் பாதிகூட இல்லை. 2016 படத்தில் 118.5 மீட்டர். நகரம் வளர வளர மிருகம் சிறுத்துக்கொண்டே வந்தது. அதைத் துரத்திப் பிடிக்கவே இந்த உயரங்கள்.

இடையில் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. 1958இல் ஜப்பானியத் தியேட்டர்களில் 112 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. அதுதான் உச்சம், பிறகு டிவி வந்து எல்லாவற்றையும் சாய்த்தது. 1962இல் காட்ஜில்லாவும் கிங் காங்கும் மோதிய படம் கோடிப் பேருக்கு மேல் இழுத்தாலும், 1966இல் ட்சுபுராயாவின் நிறுவனமே 'அல்ட்ராமேன்' தொடரை டிவியில் கொடுத்த பிறகு வாரம் ஒரு மிருகம் வீட்டுக்குள்ளேயே வந்துபோனது. காட்ஜில்லா பூமியைக் காக்கும் நாயகனாக மாறியது, பள்ளி விடுமுறையில் பல படங்களைச் சேர்த்துக் காட்டும் சிறுவர் விழாக்களில் அதுவும் ஓர் உருப்படியானது. 1975இல் வந்த படத்துக்கு பத்து லட்சம் பேர்கூட வரவில்லை, தொடர் நின்றது. இந்தக் காலப் படங்களைக் கேவலமாகப் பேசுவது ரசிகர்களிடையே ஒரு வழக்கம். நான் அதில் சேரமாட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு மிருகம் பெரிதாகத் தெரிய ஆறரை சென்டிமீட்டர் கணக்கெல்லாம் வேண்டாம். அவன் ஏற்கெனவே எல்லாவற்றையும் அண்ணாந்து பார்க்கிறவன்.

நம் ஊரில் காட்ஜில்லா என்றால் பெரும்பாலும் அமெரிக்கப் படங்கள். 2021இல் காங்குடன் மோதிய படம் தமிழிலும் வந்தது. அவற்றில் கேமரா மிருகங்களோடு சேர்ந்து பறக்கும், மேகத்துக்கு மேலிருந்து பார்க்கும். பார்க்கக் குதூகலம்தான். ஆனால் தெருவில் நிற்கும் மனிதன் கணக்கிலிருந்து நழுவியதும் 50 மீட்டரும் 100 மீட்டரும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு மிருகங்கள், அவ்வளவே.

ஜப்பானில் உடுப்பு போய் கிராஃபிக்ஸ் வந்தும் பழைய கணக்கை விடவில்லை. 2016இன் 'ஷின் காட்ஜில்லா'வில் ஹிதெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் மிருகத்தின் அசைவைக் கொடுக்க மன்சாய் நொமுரா என்ற கியோகென் (ஜப்பானிய மரபு நகைச்சுவை நாடகம்) கலைஞரை அழைத்தார்கள். உடலில் உணரிகளைப் பொருத்திக்கொண்டு அவர் மெல்ல நடந்த நடைதான் திரையில் தெரிவது. இடுப்பைத் தாழ்த்தி, மேலுடல் அசையாமல் நகரும் அந்த மேடை நடை பல நூற்றாண்டு பழையது. 2011இன் நிலநடுக்கமும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் நினைவில் பச்சையாக இருந்த அரங்கத்தில், ஆற்றின் வழியே படகுகளை உருட்டிக்கொண்டு மிருகம் ஏறி வரும் காட்சி என்ன செய்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

2023 நவம்பர் 3, அதாவது முதல் படத்தின் அதே தேதியில், தகாஷி யமசாகியின் 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' வந்தது. கதை போர் முடிந்த நாட்களில் நடக்கிறது, ஆகவே உயரத்தையும் 50.1 மீட்டருக்கு இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் தாழ்ந்த கூரைகள். கின்சா தெருவில் மிருகம் நடக்கும்போது கேமரா பெரும்பாலும் ஓடுகிறவர்களோடு கீழேயே கிடக்கிறது, மேலே இஃபுகுபேயின் பழைய மெட்டு. உறுமலை ஒரு பேஸ்பால் மைதானத்தின் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டு, அது வெட்டவெளியில் மோதித் திரும்புவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல ஒலியமைப்புள்ள அரங்கில் அது நெஞ்செலும்பில் கேட்கும், வீட்டு டிவியின் ஒலிபெருக்கிக்கு அந்தத் தாழ்ந்த ஒலி எட்டவே எட்டாது. கைகொடுக்காத தண்ணீரும் கடைசியில் வசப்பட்டது. 35 பேர் கொண்ட சிறு குழு, 610 தந்திர ஷாட்கள். குழுவின் இளைஞர் தட்சுஜி நொஜிமா கணினியில் உருவாக்கிய அலைகளும் நுரையும் கடல் துரத்தல் காட்சியைத் தாங்குகின்றன. 2024 மார்ச்சில் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரை அவர்கள் வாங்கினார்கள், அந்தப் பிரிவில் ஜப்பானியப் படத்துக்குக் கிடைத்த முதல் விருது. இரண்டு மாதங்கள் முன்பு அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் தியேட்டர்களில் விட்டிருந்தார்கள். எனக்கு இரண்டில் அதுவே பிடிக்கும், கிராஃபிக்ஸின் பளபளப்பு போய்ப் புகைக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

ஜப்பானிய அரங்கில் பார்ப்பது தனி அனுபவம் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே விசில் கிடையாது. பெயர்ப்பட்டியல் கடைசி வரி ஓடும்வரை விளக்கும் எரியாது, பெரும்பாலோர் எழுந்திருக்கவும் மாட்டார்கள். வெளியே படத்தின் விவரப் புத்தகம் விற்கும், வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த மௌனம் கைஜூ படத்துக்கு ஒரு வகையில் பொருத்தம்தான், உறுமலுக்கு முந்திய அமைதி கெடாது. ஆனால் எல்லாரும் அதில் திருப்தியடையவில்லை போலும். 'ஷின் காட்ஜில்லா' ஓடியபோது, சத்தம் போட அனுமதியுள்ள சிறப்புக் காட்சிகளை 2016 ஆகஸ்டில் டோஹோவின் ஷின்ஜுகு தியேட்டரில் நடத்தினார்கள். அந்தக் கட்டடத்தின் மாடியில் தெருவைப் பார்த்தபடி ஒரு காட்ஜில்லா தலை இருக்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில், முதல் காட்ஜில்லா நின்றால் தலை எங்கே வருமோ அங்கே வைத்திருக்கிறார்கள். உள்ளே கட்டணம் கட்டிப் பார்க்கிற அளவை வெளியே தெருவில் நின்று இலவசமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.